வீட்ல பெரியவங்களுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷனா? கூட இருந்து பாத்துக்கப் போறவங்களுக்கு

போன வருஷம் ஆடி மாசம், காலைல அஞ்சரை மணி இருக்கும், எங்க அத்தை பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. அத்தைன்னா என் வீட்டுக்காரரோட அம்மா, 76 வயசு. இடது இடுப்புல தொடை எலும்போட கழுத்துப் பகுதி முறிஞ்சு, மறுநாளே ஆபரேஷன் பண்ணி மூட்டை மாத்தினாங்க. ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் வந்த மூணு மாசம்தான் உண்மையான வேலை, அதை யாரும் எங்களுக்கு முழுசா சொல்லித் தரல, ஒவ்வொண்ணா பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அதனால இப்ப முதல் தடவையா இதுல இறங்கப் போறவங்களுக்காக வரிசையா எழுதுறேன். பாத்ரூம் பத்தி இதுல அடிக்கடி வரும், ஏன்னா அவங்க விழுந்ததும் அங்கதான், திரும்ப எழுந்து நடந்தப்ப ரொம்ப பயந்ததும் அங்க போகத்தான்.

மூட்டுத் தேய்மானத்தால ரொம்ப நாளா வலி இருந்து, தேதி குறிச்சு ஆபரேஷனுக்குப் போறவங்களும் இருப்பீங்க. உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கையில இருக்கு, நீங்க வீட்டைத் தயார் பண்ற பகுதியை முதல்ல படிச்சுட்டு வாங்க.

விழுந்த உடனே

கையைப் புடிச்சுத் தூக்கி நிக்க வைக்காதீங்க. எங்க வீட்ல எல்லாரும் ஓடி வந்து முதல்ல செய்யப் பாத்ததே அதுதான். பெரியவங்க விழுந்து, இடுப்புலயோ தொடை இடுக்குலயோ வலின்னு சொல்லி, ஒரு கால் இன்னொண்ணை விட குட்டையா தெரிஞ்சு பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு கெடந்தா அது பெரும்பாலும் முறிவுதான். ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி வச்சு, 108க்கு போன் பண்ணிட்டு அப்படியே படுக்க வச்சிருங்க, ஈரத்துல கெடந்தா துண்டு விரிச்சு போர்வை போத்தி விடுங்க. எண்ணெய் போட்டு நீவி விடவே கூடாது. சில பேருக்கு முறிஞ்ச எலும்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்கும், அவங்க நொண்டி நொண்டி நடக்கக்கூட செய்வாங்க, "நடக்குறாங்கல்ல, ஒண்ணுமில்ல"ன்னு விட்றாதீங்க, விழுந்தப்புறம் தொடை இடுக்கு வலி போகலன்னா எக்ஸ்ரே எடுத்துருங்க.

போற வழியில காபி, ஜூஸ்னு எதுவும் குடுக்க வேண்டாம். டாக்டர் பாத்து ஆபரேஷன் எப்பன்னு சொன்னதும் எதுவரைக்கும் சாப்பிடலாம், எதுவரைக்கும் தண்ணி குடிக்கலாம்னு தெளிவா கேட்டுக்கங்க. பொதுவா திட உணவை ஆறு மணி நேரம் முன்னாடியும் வெறும் தண்ணியை ரெண்டு மணி நேரம் முன்னாடியும் நிறுத்துவாங்க, சுகர் இருந்தா இது மாறலாம். கேக்காம நாமளே பயந்துக்கிட்டு முந்தின நாள் மத்தியானத்துலருந்து பட்டினி போடுறது வயசானவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

கட்டு போட்டா சரியாகிடும்னு சொல்லுவாங்க

சொந்தக்காரங்க வந்ததும் இந்தப் பேச்சு கண்டிப்பா வரும், எங்க வீட்லயும் பெரிய மாமா "கத்தி வைக்க வேண்டாம், எண்ணெய்க் கட்டு போடுவோம்"னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அவங்க பாசத்துலதான் சொல்றாங்க, கோவப்படாம விஷயத்தை விளக்குங்க. தொடை எலும்பு மேல பந்து மாதிரி இருக்கும், அது இடுப்புல உள்ள கிண்ணத்துல உக்காந்திருக்கும். பந்துக்குக் கீழ உள்ள கழுத்து முறிஞ்சு நகந்துட்டா பந்துக்குப் போற ரத்த ஓட்டமே அறுந்து போக வாய்ப்பு அதிகம், ரத்தம் போகாத எலும்பு வெளியில எவ்வளவு நல்லா கட்டினாலும் ஒட்டாது. அதுக்காகத்தான் அந்தப் பந்தையே எடுத்துட்டு செயற்கைப் பந்து வைக்கிறாங்க. அதைவிட முக்கியம், கட்டு போட்டு மாசக்கணக்குல படுக்க வச்சா படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, ரத்தக்கட்டி இதெல்லாம் வரும், வயசானவங்களை எடுத்துட்டுப் போறது பெரும்பாலும் அதுதான், எலும்பு இல்ல. சீக்கிரம் எழுந்து நிக்க வைக்கத்தான் ஆபரேஷனே. உடம்பு நிலைமை ஒத்துழைச்சா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள பண்றது நல்லதுன்னு டாக்டருங்க சொல்றதும் அதனாலதான்.

பெரிய மாமாவுக்கு இதை எக்ஸ்ரேயைக் கையில வச்சுக்கிட்டு டியூட்டி டாக்டரே சொன்னாங்க, அப்புறம் அவங்களே ரத்தம் குடுக்க ஆள் புடிச்சுக் குடுத்தாங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

எல்லா இடுப்பு ஆபரேஷனும் ஒண்ணு இல்ல, எங்களுக்கு இது தெரியவே தெரியாது. கழுத்துக்குக் கீழ, கொஞ்சம் தள்ளி முறிஞ்சிருந்தா மூட்டை மாத்தாம உள்ள ராடு மாதிரி ஆணி வச்சு நிறுத்துவாங்க. கழுத்துல முறிஞ்சிருந்தா பந்தை மட்டும் மாத்துறது, அதாவது பாதி மூட்டு, அத்தைக்கு பண்ணினது இதுதான், பைபோலார்னு சொன்னாங்க. பந்து, கிண்ணம் ரெண்டையும் மாத்துறது முழு மூட்டு. எது பண்றாங்கன்றதைப் பொறுத்து வீட்டுக்கு வந்தப்புறம் உள்ள கட்டுப்பாடு எல்லாம் மாறும். ஒரு நோட்டு வாங்கி இதெல்லாம் எழுதி வாங்கிக்கங்க: என்ன ஆபரேஷன், பின்பக்கமா பண்றாங்களா முன்பக்கமா பக்கவாட்டுலயா, எந்த நாள் எழுப்பி நிக்க வைப்பாங்க, ஆபரேஷன் பண்ணின கால்ல எவ்வளவு எடை குடுக்கலாம், எந்த அசைவு எத்தனை வாரத்துக்குக் கூடாது.

மாத்திரை எல்லாத்தையும், ஒண்ணு விடாம, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் போதாது. ரத்தத்தை இளக்குற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களான்னு கட்டாயம் சொல்லணும், அதை நிறுத்தணுமா தொடரணுமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், நாமளா நிறுத்தக் கூடாது. மெடிக்கல்ல சும்மா வாங்கிப் போடுற முட்டிவலி மாத்திரை, சூரணம், லேகியம் இதையும் சேத்துச் சொல்லுங்க. அத்தை தலகாணி உறைக்குள்ள ஒரு பொட்டலம் வச்சிருந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா குடுத்த வலி மருந்தாம், எங்க யாருக்கும் தெரியாது.

காசு விஷயம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். கார்டு இல்லாட்டியும் பதட்டப்படாதீங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே தனி கவுன்ட்டர் இருக்கு, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டுபோய் அங்க கேளுங்க. தனியார்ல சேக்குறதா இருந்தா அந்த ஆஸ்பத்திரி இந்த ஆபரேஷனுக்குத் திட்டத்துல இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க, சேத்தப்புறம் கேட்டா பதில் வேற மாதிரி வரும். சொந்தமா மெடிக்கல் இன்சூரன்ஸ் வச்சிருக்கவங்க ரூம் வாடகை லிமிட்டைப் பாருங்க, லிமிட்டைத் தாண்டின ரூம் எடுத்தா வாடகை வித்தியாசத்தோட முடியாது, மத்த செலவுலயும் அதே விகிதத்துல கழிப்பாங்க. கையுறை, டயப்பர் மாதிரி சில்லறைச் சாமான் பல பாலிசியில வராது.

உள்ள வச்ச மூட்டோட கம்பெனி, சைஸ், நம்பர் எல்லாம் இருக்கற ஸ்டிக்கர் ஒண்ணு வரும், அது டிஸ்சார்ஜ் சம்மரியில ஒட்டியிருக்கான்னு பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க. பின்னாடி எப்பவாவது திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டா டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாரு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள்

மூக்குத்தி. இதை ஏன் தனியா சொல்றேன்னா அத்தையோட மூக்குத்தி முப்பது வருஷமா கழட்டாதது, திருகாணி இறுகிப்போய் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல சிஸ்டர் ரெண்டு பேர் போராடினாங்க, அத்தைக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. முந்தின நாளே தேங்காயெண்ணெய் போட்டு நிதானமா கழட்டுங்க, மெட்டி, வளையல் எல்லாம் அப்படித்தான். மாமா இருக்காங்கன்றதால தாலியைக் கழட்ட அத்தைக்கு மனசே வரல, சிஸ்டர்கிட்ட முன்னாடியே பேசினோம், மஞ்சக் கயிறு மாத்திக் கட்டிக்க விட்டாங்க. பல்செட் இருந்தா கழட்டி டப்பாவுல போட்டுப் பேர் எழுதி வைங்க. கண்ணாடியும் காது மிஷினும் ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்தவுடனே போட்டுவிடணும், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பெரும்பாலும் முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வச்சுத்தான் பண்ணுவாங்க, முழிச்சிருந்தா சத்தமெல்லாம் கேக்கும்னு முன்னாடியே சொல்லி வைங்க. அத்தைக்குச் சொல்லாம விட்டுட்டோம், தட்டுற சத்தம் கேட்டுப் பயந்துட்டேன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க.

ஆஸ்பத்திரியில இருக்கற நாட்கள்

அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோ எழுப்பி வாக்கர் புடிச்சு நிக்க வைப்பாங்க. நமக்கு அய்யோன்னு இருக்கும், ஆனா தடுக்காதீங்க. பிசியோ வர்ற நேரத்தைக் கேட்டு வச்சுக்கிட்டு, வலி மாத்திரையை அதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி விழுற மாதிரி சிஸ்டர்கிட்ட பேசிக்கங்க, ரெண்டாவது நாள் நாங்க அப்படிச் செஞ்சப்ப அத்தை நாலு அடி எடுத்து வச்சாங்க, முதல் நாள் கட்டில் ஓரத்துலயே அழுதாங்க. நடக்குற வரிசை இதுதான்: முதல்ல வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால்.

படுத்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் பத்து பத்துத் தடவை, கால்ல ரத்தம் கட்டாம இருக்க இது ரொம்ப உதவும். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கற பிளாஸ்டிக் சாமான் ஒண்ணு குடுப்பாங்க, நிறைய பேர் அதை ஊதுறாங்க, ஊதக் கூடாது, குழாயை வாயில வச்சு உள்ள இழுக்கணும். ரத்தம் உறையாம இருக்க வயித்துல போடுற ஊசி சில சமயம் வீட்டுக்கு வந்தப்புறமும் நாலஞ்சு வாரம் ஊசியாவோ மாத்திரையாவோ தொடரும், டிஸ்சார்ஜ் அன்னைக்கு எத்தனை நாள், யார் போடுறதுன்னு கேக்காம கிளம்பாதீங்க.

யூரின் டியூபை எப்ப எடுப்பீங்கன்னு தினமும் கேளுங்க. ஈஸியா இருக்குன்னு விட்டு வச்சா இன்ஃபெக்ஷன் வரும்.

ராத்திரி குழப்பம்

இதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தினது. ரெண்டாவது ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தை எழுந்து உக்காரப் பாத்துட்டு "தாயி, மாட்டை அவுத்துக் கட்டிட்டியா, மழை வருது"ன்னாங்க. அந்த மாட்டை வித்து இருபது வருஷமாச்சு. அப்புறம் என்னை அவங்க தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, கையில இருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் போனாங்க. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு என் நாத்தனார் போன்ல அழ ஆரம்பிச்சுட்டாங்க.

அப்படி இல்ல. இடுப்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆன வயசானவங்க நிறைய பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிரும். ஆனா "வயசுன்னா அப்படித்தான்"னு விடவும் கூடாது, பின்னாடி காரணம் இருக்கும், யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், உடம்புல உப்புச்சத்து குறையுறது, அடக்க முடியாத வலி, ஏதாவது மாத்திரை, தண்ணி பத்தாமை, இப்படி. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு "சாயங்காலம் வரைக்கும் நல்லா பேசினாங்க, இப்ப மாறியிருக்காங்க"ன்னு அந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்லுங்க, அது வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். அத்தைக்கு சோடியம் குறைஞ்சிருந்தது, சரி பண்ணினதும் மூணாம் நாள் தெளிஞ்சுட்டாங்க.

அந்த நேரத்துல வாதாடாதீங்க. "மாடு ஏது, அதை வித்தாச்சே"ன்னு நான் முதல்ல சொன்னப்ப அத்தைக்குக் கோவம்தான் ஏறுச்சு. "கட்டிட்டேன் அத்தை, மழைல நனையாது, நீங்க படுங்க"ன்னு சொன்னதும் கையைப் புடிச்சுக்கிட்டுப் படுத்தாங்க. கண்ணாடியும் காது மிஷினும் போட்டுவிடச் சொன்னது இதுக்குத்தான், கண்ணும் காதும் தெளிவா இல்லாதப்ப குழப்பம் கூடும். பகல்ல ஜன்னல் தெறந்து வெளிச்சம், ராத்திரி லைட்டை அணைச்சுத் தூக்கம், கண்ணுல படுற மாதிரி ஒரு கடிகாரம், தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல. கூட்டமா பாக்க வர்றவங்களை அன்பாச் சொல்லி ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க.

வீட்டைத் தயார் பண்றது

டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே ஒரு ஆள் வீட்டுக்குப் போய் இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டு பாத்ரூம் கதவோட அகலத்தை அளக்கணும். நம்ம வீடுகள்ல பாத்ரூம் கதவு ரொம்பக் குறுகலா இருக்கும், வாக்கர் உள்ள போகுமான்னு பாருங்க. எங்க வீட்ல போகல. வாக்கர் வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, அதனால முதல் ஒரு மாசம் கட்டில் பக்கத்துலயே கமோட் சேர் போட்டு சுத்தி பழைய சேலையைக் கட்டி மறைச்சு விட்டோம். அந்த மறைப்பு அவசியம், அது இல்லாத வரைக்கும் அத்தை உக்காரவே மாட்டேன்னுட்டாங்க.

குத்த வச்சு உக்கார்ற டாய்லெட் இனிமே கிடையாது, இதுல விட்டுக்குடுக்கவே முடியாது. புதுசா வெஸ்டர்ன் வைக்க வசதியில்லன்னா, அந்த டாய்லெட் மேலயே வைக்கற நாலு கால் ஸ்டூல், நடுவுல ஓட்டையோட, சர்ஜிக்கல் கடையில கிடைக்கும், வீட்ல கனமான ஆள் ஒருத்தர் உக்காந்து பாத்து ஆடலைன்னு உறுதி பண்ணிட்டு வைங்க. வெஸ்டர்ன் இருந்தாலும் தாழ்வா இருந்தா மேல வைக்கற உயர சீட் வாங்கணும். செவுத்துல கைப்பிடி டிரில் பண்ணி போல்ட்டு போட்டது வேணும், டவல் தொங்குற கம்பியைப் புடிச்சு எழுந்தா அது கழண்டு வந்துரும்.

உள்தாழ்ப்பாளைக் கழட்டிருங்க. திரும்ப விழுந்தா கதவை உடைக்க வேண்டி வரும்.

கட்டில்லயோ நாற்காலியிலயோ உக்காந்தா முட்டி இடுப்பை விடக் கீழ இருக்கணும், அதுதான் உயரத்துக்குக் கணக்கு. குறைவா இருந்தா நாலு கால்லயும் நகராத மாதிரி மரக்கட்டை வச்சு உசத்துங்க. கயித்துக் கட்டில், சோபா, ஈஸி சேர் எதுவும் வேண்டாம், உள்ள அமுங்கிரும். நாற்காலிக்குக் கை இருக்கணும், லேசான பிளாஸ்டிக் சேர் டைல்ஸ்ல வழுக்கும். மிதியடி எல்லாத்தையும் சுருட்டி எடுத்துருங்க, ஒயர் குறுக்க ஓடக் கூடாது, கரண்ட் போனா எரியற சார்ஜ் லைட் ஒண்ணு கட்டில்லருந்து பாத்ரூம் போற வழியில. வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம் போடுற வீடா இருந்தா அவங்க அந்தப் பக்கம் நடக்கறதுக்கு முன்னாடி காஞ்சிருக்கணும்.

சாமி விளக்கு. அத்தை தினமும் சாயங்காலம் தரையில உக்காந்துதான் விளக்கேத்துவாங்க. விளக்கை இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சு மாத்திட்டோம், வந்த முதல் நாளே நின்னுக்கிட்டு ஏத்தினாங்க. அரிவாள்மனையும் அப்படித்தான், எடுத்து உள்ள வச்சுட்டு மேஜையில பலகை, கத்தி வைங்க, ஒரு மாசத்துல கை சும்மா இருக்காது, கீழ உக்காந்து காய் நறுக்கப் போயிருவாங்க.

கூட்டிட்டு வர்றது

ஆட்டோ வேண்டாம். கார்னா முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளி, சாய்வைச் சாச்சு, சீட் தாழ்வா இருந்தா கெட்டியான தலகாணி போட்டு, முதல்ல முதுகைக் காட்டி உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும். படி இருந்தா ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. மாடி வீடுன்னா ஆஸ்பத்திரியிலயே பிசியோகிட்ட படி ஏறிக் காட்டச் சொல்லிட்டு வாங்க.

முதல் ஆறு வாரம்

பின்பக்கமா ஆபரேஷன் பண்ணியிருந்தா, புது மூட்டு நழுவாம இருக்க மூணு விஷயம் கூடாதுன்னு சொல்லுவாங்க. இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, அதாவது குனிஞ்சு தரையில கெடக்கறதை எடுக்கறது, சம்மணம், குத்த வைக்கறது எல்லாம் போச்சு. கால் மேல கால் போடக் கூடாது. ஆபரேஷன் பண்ணின பாதத்தை உள்பக்கமா திருப்பக் கூடாது. ஆறு வாரம்லருந்து மூணு மாசம் வரைக்கும் டாக்டரைப் பொறுத்துச் சொல்லுவாங்க, தரையில உக்கார்றது மட்டும் பெரும்பாலும் கடைசி வரைக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. தூங்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி. உள்பாவாடை போடும்போது ஆபரேஷன் காலை முதல்ல விடணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கணும், தரையைத் தொடற நீளமா இருக்கக் கூடாது. நாங்க முதல் மாசம் சேலையே கட்டல, கணுக்காலுக்கு மேல நிக்கற நைட்டிதான்.

தையல் பிரிக்க ரெண்டு வாரம் போல ஆகும், அதுவரைக்கும் புண்ணு நனையக் கூடாது. அப்புறமும் நாற்காலியில உக்காந்துதான் குளியல். எண்ணெய் தேச்சுக் குளிக்கறதை ரொம்ப நாளைக்குத் தள்ளிப் போடுங்க, எண்ணெய் பட்ட தரைதான் அடுத்த விழுகைக்கு வழி.

சாப்பாட்டுல பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப்னு எல்லாரும் குடுத்தனுப்புவாங்க, பிடிச்சா சாப்பிடட்டும். ஆனா புண்ணு ஆறவும் தொடைச் சதை திரும்ப வரவும் வேண்டியது புரதம், தினமும் முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன் இதுல ரெண்டு மூணாவது இருக்கணும். கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் குடுத்து வச்சிருந்தா தெம்பு வராது. கிட்னி பிரச்சினை இருக்கறவங்க மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

பிசியோவுக்கு வீட்டுக்கு ஆள் வரவழைக்க வசதியில்லாதவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்திக் கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வீடு தேடி வந்து பிசியோ குடுக்கறதும் சேத்திதான்.

தண்ணி குடிக்க மாட்டாங்க, ஏன்னு பாருங்க

வீட்டுக்கு வந்த நாலாவது நாள் யூரின் டீக்கலர்ல போச்சு, உதடெல்லாம் காஞ்சு கெடந்தது, மூணு நாளா வெளிக்கும் போகல. டம்ளர்ல வச்ச தண்ணி வச்சபடியே இருக்கும், கேட்டா தாகம் இல்லம்பாங்க. ராத்திரி பக்கத்துல உக்காந்து மெதுவா கேட்டேன். "தண்ணி குடிச்சா உன்னைத்தான தாயி எழுப்பணும், நீ பகல் பூரா நிக்கிற"ன்னாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு வாய் தண்ணி குடிக்காம இருந்திருக்காங்க, எனக்காக.

இதை ஒவ்வொரு வீட்லயும் எதிர்பாருங்க. அம்மா, அப்பா, அத்தை, மாமா யாரா இருந்தாலும் வலியைப் பொறுத்துக்குவாங்க, அடுத்தவங்க புடிச்சு டாய்லெட் கூட்டிட்டுப் போறதைப் பொறுத்துக்க மாட்டாங்க. தண்ணி குறைஞ்சா யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், திரும்பவும் குழப்பம், மயக்கம், எல்லாம் சங்கிலி மாதிரி வரும். அதனால அவங்க கூப்பிடட்டும்னு காத்திருக்காம நேரம் வச்சு நீங்களே கேளுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. கட்டில்ல ஒரு கைமணி கட்டி விடுங்க, வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்படுறவங்க மணி அடிப்பாங்க. வலி மாத்திரை சிலது மலத்தை இறுக்கும், அதுக்கு இளக்குற மருந்து முதல் நாள்லருந்தே வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பேச்சு குடுத்துக்கிட்டே வேலையைப் பாருங்க, மூஞ்சியைச் சுளிச்சா ஒரு தடவை போதும், அப்புறம் கேக்கவே மாட்டாங்க.

ராத்திரிக் காவலை ஒரே ஆள் பாக்கக் கூடாது. எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கு அப்புறம் முறை போட்டோம், வாரத்துல மூணு ராத்திரி என் வீட்டுக்காரர். மகன் எப்படின்னு அத்தை ரொம்பத் தயங்கினாங்க, "எனக்கு நீ கழுவிவிட்டதான"ன்னு அவர் சொன்னதும் சிரிச்சுட்டாங்க. வசதி இருந்தா பகலுக்கு ஒரு ஆளை வைங்க, அதுல தப்பே இல்ல.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது

திடீர்னு மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது. இடுப்புல சடக்குன்னு வலி வந்து கால் குட்டையாகி நிக்கவே முடியாமப் போறது, மூட்டு நழுவியிருக்கலாம், நீங்களா இழுத்துப் பாக்காதீங்க. காய்ச்சல், புண்ணுலருந்து சீழ் மாதிரி கசியறது, நாள் போகப் போக செவப்பும் வலியும் கூடறது. புதுசா வர்ற குழப்பம். இதுல எதுக்கும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

அதுக்கப்புறம்

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பாத்துட்டு வாக்கர்லருந்து குச்சிக்கு மாறலாம்னு சொல்லுவாங்க. குச்சியை ஆபரேஷன் பண்ணின பக்கத்துக்கு எதிர்க் கையில புடிக்கணும், எல்லாரும் அதே பக்கம்தான் புடிக்கறாங்க.

சும்மா நின்ன உயரத்துலருந்து விழுந்து இடுப்பு முறிஞ்சுதுன்னா எலும்பு அடர்த்தி குறைஞ்சு பலமில்லாம இருக்குன்னு அர்த்தம். மூட்டை மாத்தினதோட அந்தப் பிரச்சினை தீராது, அடுத்த காலுக்கும் முதுகெலும்புக்கும் அதே ஆபத்து இருக்கு. எலும்பு அடர்த்தி டெஸ்ட், விட்டமின் டி, எலும்பு பலத்துக்கு மாத்திரையோ வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஊசியோ வேணுமான்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க, அவசரத்துல இது விட்டுப் போயிருது, எங்களுக்கும் முதல் ரெண்டு செக்கப்ல யாரும் சொல்லல. கண்ணுல புரை இருக்கான்னு பாருங்க, படுத்து எழும்போது தலை சுத்துதுன்னா பிரஷர் மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லுங்க. கோயில்லயோ ஏர்போர்ட்லயோ மெட்டல் டிடெக்டர் சத்தம் போடலாம், டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு கைப்பையில இருக்கட்டும்.

பாத்ரூம் கதவை இடிச்சு அகலப்படுத்தி ஒரு வருஷம் ஆகப்போகுது. பகல்ல அத்தை குச்சியோட நடக்குறாங்க, ராத்திரிக்கு மட்டும் வாக்கர். மூணு மணி வாக்குல டொக் டொக்குன்னு அந்தச் சத்தம் கேக்கும், அப்புறம் தண்ணி ஊத்துற சத்தம், திரும்ப டொக் டொக், கட்டில் கிறீச்சுங்கும், நானும் தூங்கிருவேன். போன வாரம் அந்தச் சத்தம் வேற மாதிரி, இரும்பு டைல்ஸ்ல படுற மாதிரி கேட்டுச்சு, பாத்தா வாக்கர் கால்ல உள்ள ரப்பர் நாலும் தேஞ்சு போயிருந்தது. சர்ஜிக்கல் கடையில தனியா கிடைக்குது, பழசை ஒண்ணு கழட்டி எடுத்துட்டுப் போனா சைஸ் பாத்துக் குடுப்பாங்க, குச்சி இருந்தா அதோட ரப்பரையும் சேத்துப் பாத்துருங்க.